பொட்டலமா, பந்தியா?

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டது இது: "எங்கள் சபை வாலிபர் சங்கத்தில் இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பெரும்பாக்கம் போய் 200 பிரியாணிப் பொட்டலம் கொடுப்பதாக முடிவு. கூட வேலை பார்க்கும் நண்பன், 'இது மதம் மாற்றப் போடும் தூண்டில்' என்கிறான். சங்கத்திலேயே ஒரு பெரியவர், 'தரித்திரர் எப்போதும் இருப்பார்கள் என்று இயேசுவே சொல்லிவிட்டார், எதற்கு வீண் செலவு' என்கிறார். ஏழைகள், ஒதுக்கப்பட்டவர்கள் விஷயத்தில் கிறிஸ்தவம் உண்மையில் என்ன சொல்கிறது?"

தம்பி, பெரியவர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். அந்த வசனம் மத்தேயு 26இல் இருக்கிறது, மாற்கு 14இல் இருக்கிறது. இயேசு அதைப் புதிதாகச் சொல்லவில்லை. உபாகமம் 15ஆம் அதிகாரத்து வரியின் முதல் பாதியைத்தான் சொன்னார். நம் ஊரில் 'அடிமேல் அடி அடித்தால்' என்று ஒருவர் ஆரம்பித்தால் 'அம்மியும் நகரும்' என்று கேட்பவர் மனதில் தானாக ஓடும் அல்லவா? அந்த மாதிரி, யூதர்களுக்கு மீதிப் பாதி தெரியும். தேசத்தில் எளியவர்கள் இல்லாமல் போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திறக்கவேண்டும் என்பது மீதி. அதை விட்டுவிட்டுப் படித்தால் கையை மூடிக்கொள்ள வசதியாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் பெரியவரிடம் சொல்லுங்கள். இயேசு இதைச் சொன்னபோது எங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்? பெத்தானியாவில், குஷ்டரோகியாயிருந்த சீமோன் வீட்டில். யார் வீட்டுச் சாப்பாடு என்பதையும் சேர்த்துத்தான் அந்த வசனத்தைப் படிக்க வேண்டும்.

சாப்பாடு என்று ஆரம்பித்தாயிற்று. நான் சொல்லப்போவதில் பாதி அதுதான்.

நான் வளர்ந்தது ராயபுரத்தில். எழுபதுகளில் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் கேட்டுக்குப் பக்கத்தில் தொழுநோயாளிகள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கொரு அலுமினியக் குவளை. அப்பா எங்கள் கையில் பத்துப் பைசா கொடுப்பார். அதை எப்படிப் போட வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, பார்த்தே கற்றுக்கொண்டோம். ஒரு முழ உயரத்தில் கையைப் பிடித்து, குவளைக்கு நேராக விட வேண்டும். 'டங்' என்று விழும். சில சமயம் குறி தப்பி மண்ணில் விழும், அந்த மனிதர் மழுங்கிப்போன விரல்களால் அதை எடுக்கத் திண்டாடுவார். நாங்கள் அதற்குள் ரோட்டைத் தாண்டியிருப்போம். அன்றைக்குப் பிரசங்கம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை எடுத்துப் பராமரித்த நல்ல சமாரியன் கதையாகக்கூட இருந்திருக்கலாம்.

மாற்கு முதல் அதிகாரத்தின் கடைசியில் ஒரு தொழுநோயாளி இயேசுவிடம் வருகிறான். லேவியராகமம் 13இன்படி அவன் கிழிந்த உடையோடு, 'தீட்டு, தீட்டு' என்று தானே சத்தமிட்டுக்கொண்டு, பாளயத்துக்கு வெளியே தனியாக இருக்க வேண்டியவன். அவன் பக்கத்தில் வந்ததே சட்டப்படி தவறு. அப்புறம் நடப்பதை வரிசையாகக் கவனியுங்கள்: "இயேசு மனதுருகி, கையை நீட்டி, அவனைத்தொட்டு: எனக்குச் சித்தமுண்டு, சுத்தமாகு என்றார்." தொடுதல் முதலில், சுத்தம் பிறகு. நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படை அதிகாரியின் வேலைக்காரனை நேரில் பார்க்காமல் ஒரு வார்த்தையிலேயே குணமாக்கியவர் அவர். இங்கேயும் தூர நின்று சொல்லியிருக்கலாம். தீட்டாயிருக்கும்போதே தொட்டார்.

'மனதுருகி' என்று நம் மொழிபெயர்ப்பில் வரும் இடங்களில் எல்லாம், நல்ல சமாரியன் கதையிலும் கெட்ட குமாரன் கதையிலும்கூட, கிரேக்க மூலத்தில் இருப்பது ஒரு விசித்திரமான வினைச்சொல். அதன் வேர் குடல். குடல் கலங்குதல் என்று சொல்லலாம். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மரியாதையாக மனதுக்கு ஏற்றிவிட்டார்கள். 'பெத்த வயிறு பதறுது' என்று நம் பாட்டிமார் சொல்வதுதான் அதற்குக் கிட்டத்தில் வரும். மேலேயிருந்து பார்த்து 'ஐயோ பாவம்' என்பதற்கு இந்த வினைச்சொல் பொருந்தாது.

அந்தக் கதையின் முடிவைப் பல பேர் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். குணமான ஆள் ஊருக்குள் போய் எல்லாரிடமும் சொல்கிறான். அதனால் இயேசு பட்டணத்துக்குள் வெளிப்படையாகப் போக முடியாமல், வெளியே வனாந்தரமான இடங்களில் தங்குகிறார். வெளியே இருந்தவன் உள்ளே, உள்ளே இருந்தவர் வெளியே. இடமே மாறிப்போகிறது. மாற்கு இதைத் தெரிந்துதான் எழுதினார் என்பது என் எண்ணம்.

தொழுநோய்க்குச் சென்னையைச் சுற்றிக் கிறிஸ்தவர்கள் செய்த வேலை சிறியதல்ல. செங்கல்பட்டுப் பக்கம் திருமணியில் ஸ்காட்லாந்து மிஷன் 1920களில் நடத்திய சானடோரியத்தைத்தான் 1955இல் மத்திய அரசு எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியது. 1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபின் அது முழுதாகக் குணமாகும் நோய். ஆனால் நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்க 1898இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் 2016 வரை புத்தகத்தில் இருந்தது, தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து வாங்குவது 2019 வரை சட்டப்படி முடிந்தது. கிருமி போய் முப்பது வருடத்துக்கு மேலாகியும் தீட்டு போகவில்லை. அதனால்தான் தொட்ட கையைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

இப்போது கேட் விஷயத்துக்கு வருகிறேன். லூக்கா 16இல் ஐசுவரியவான், லாசரு கதை. லாசரு அவன் வாசலருகே கிடந்தான் என்று இருக்கிறது. அந்தப் பணக்காரன் லாசருவை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. மிச்சம் மீதி விழுந்ததை அவன் தடுத்ததாகவும் இல்லை. நம் ஊராக இருந்தால் 'நல்ல மனுஷன்பா, வாசலில் படுக்க விடுறாரே' என்றுகூடச் சொல்வோம். அவன் செய்த குற்றம், வாசலுக்கு உள்ளே ஒரு வாழ்க்கையும் வெளியே ஒரு வாழ்க்கையும் நடக்க, அதைத் தினமும் தாண்டிப் போய்வந்ததுதான். கதையில் பெயர் இருப்பதும் வெளியே கிடந்தவனுக்குத்தான். உள்ளே இருந்தவனுக்குப் பெயரே இல்லை.

சென்னையில் ஒரு வசைச்சொல் உண்டு, உங்களுக்குத் தெரியாமல் இருக்காது: 'பொறம்போக்கு'. வருவாய்த்துறைக் கணக்கில் அது வெறும் நிலவகை. பட்டாவுக்கும் வரிக்கும் புறம்பாக, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட இடம், அவ்வளவுதான். அதில் குடியிருந்தவர்களால் அது திட்டாக மாறிவிட்டது. எபிரெயர் 13இல் அதே 'புறம்பே' வருகிறது. இயேசு "நகரவாசலுக்குப் புறம்பே பாடுபட்டார்", ஆகையால் நாமும் அவருடைய நிந்தையைச் சுமந்து பாளயத்துக்குப் புறம்பே அவரிடம் போவோம் என்கிறது. நான் ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லித்தரும்போது, 'இயேசு செத்தது பொறம்போக்கு நிலத்தில்' என்பேன். பிள்ளைகள் சிரிக்கும், ஒன்றிரண்டு பெற்றோர் கோபித்துக்கொண்டதும் உண்டு.

நீங்கள் போகப்போகிற பெரும்பாக்கம் இந்த 'புறம்பே'தான். அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் தலைமுறையாக இருந்தவர்களை நகரத்துக்கு வெளியே, முதலில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். பழைய வேலைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல். வீட்டு வேலை செய்த அம்மாக்கள் பலர் பஸ்சுக்கே பாதிச் சம்பளத்தைக் கொடுக்க முடியாமல் வேலையை விட்டார்கள். அங்கே இருப்பவர்களுக்குப் பொட்டலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

சரி, உங்கள் நண்பரின் தூண்டில்.

இந்தச் சந்தேகத்துக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். நாலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் பழைய தெய்வ வழிபாட்டை மீட்கப் பார்த்தவன், கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் புலம்புகிறான்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நமக்கு வெட்கக்கேடு என்று. சில வருடங்களில் செசரியாவின் ஆயர் பசிலியார் ஊருக்கு வெளியே ஒரு பெரிய இல்லத்தைக் கட்டி, நோயாளிகள், வழிப்போக்கர், தொழுநோயாளிகள் எல்லாரையும் அங்கே வைத்துப் பார்த்தார். அதற்குமுன் வந்த ஒரு பஞ்சத்தில் தானியத்தைப் பதுக்கியவர்களைப் பார்த்து அவர் செய்த பிரசங்கங்கள் இன்றைக்குப் படித்தாலும் சுடும். நீ பூட்டிவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் துணி இல்லாதவனுடையது என்பது அவர் வாதம். கொடுத்தால் புண்ணியம் என்ற பேச்சே அவரிடம் இல்லை, கொடுக்காவிட்டால் திருட்டு.

ஆனால் தூண்டில் நம் நாட்டில் போடப்படவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 'அரிசிக் கிறிஸ்தவன்' என்ற பேர் சும்மா வரவில்லை. சோற்றையும் ஞானஸ்நானத்தையும் ஒரே கையில் நீட்டியவர்கள் இருந்தார்கள், இன்றைக்கும் அங்கங்கே இருக்கிறார்கள். அதே வரலாற்றில் வேறு மாதிரி நடந்தவர்களும் உண்டு. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருடப் பஞ்சத்தில், ஓங்கோலில் ஜான் கிளவ் என்று ஒரு பாப்டிஸ்ட் மிஷனரி இருந்தார். நம்முடைய பக்கிங்ஹாம் கால்வாய் இருக்கிறதே, அதில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை அவர் எடுத்து, பட்டினியில் வந்த மக்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் கேட்டார்கள். நிவாரண வேலை நடக்கும் வரை கிடையாது என்று நிறுத்திவைத்தார். நிவாரணம் முடிந்த பிறகு, இனி ஒரு அணாகூடக் கிடைக்காது என்று தெரிந்தும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர். இதற்கும் உங்கள் நண்பர் 'நன்றிக்கடன்' என்று சொல்லலாம். சொல்லட்டும். பெரும்பாலும் தோல் வேலை செய்த மாதிகர்கள் அவர்கள், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாதவர்கள். வேறொரு வாழ்க்கை வேண்டும் என்று அவர்களே யோசித்து முடிவெடுத்திருக்க முடியாதா? தூண்டில் என்று பேசும்போது ஏழையை மீனாக்கிவிடுகிறோம், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இரக்கம் ஒன்றும் நம் ஏகபோகம் இல்லை என்பதையும் அவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள். எங்கள் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம் 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னமும் பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்கிறார்கள். 1867இல் வள்ளலார் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. நல்லது எங்கே நடந்தாலும் நல்லதுதான். உங்கள் பொட்டலத்துக்கு ஒரே சோதனை: அதோடு துண்டுப்பிரசுரம் கொடுக்கிறீர்களா? கொடுத்தால் நண்பர் சொல்வதில் பாதி சரி. பிரசுரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனிமேல் சொல்லப்போவது நம் வீட்டு விஷயம். வெளியாட்கள் கேட்கும் தூண்டில் கேள்வியைவிட இது எனக்குப் பெரிது.

தமிழ்த் திருச்சபை ஆரம்பத்திலிருந்தே இரக்கத்தில் தாராளமாகவும் பந்தியில் கஞ்சமாகவும் இருந்திருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி பெரிய அறிவாளி, சந்தேகமில்லை. ஆனால் அவர் வழியில் வளர்ந்த மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்ச்சாதிக்கு இன்னொரு வகைச் சாமியார் என்று பிரிந்தது. தரங்கம்பாடியில் 1718இல் லுத்தரன் மிஷன் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தாழ்த்தப்பட்டவர்கள் தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வேற்றுமையை உறுதியாக, உடனே, அடியோடு விட வேண்டும். என்ன ஆயிற்று? இங்கே நம் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டுவிட்டார்கள். ஒரே இடத்தில் உட்காருவதும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை ரசம் குடிப்பதும் அவர்களுக்கு முடியாததாக இருந்தது.

அதில் ஒரு விஷயம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக எதைக் கேட்டது தெரியுமா? விசுவாசப் பிரமாணத்தைச் சரியாகச் சொல்கிறாயா என்பது போதவில்லை. பறையர் சமைத்த சோற்றைச் சாப்பிடு, அப்புறம் ஞானஸ்நானம் என்றது. வெள்ளைக்காரர்கள் தங்கள் பட்லருக்கும் ஆயாவுக்கும் மேஜையில் இடம் கொடுத்தார்களா என்று கேட்டால் பதில் கிடைக்காது, அது வேறு கதை. ஆனால் சோதனை எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். பவுல் கண்டுபிடித்ததும் அங்கேதான். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரைக் கண்டித்தார். கலாத்தியர் 2இல் இருக்கிறது. கொரிந்து சபைக்கும் அதே திட்டு: கர்த்தருடைய இராப்போஜனம் என்று கூடுகிறீர்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று. யாக்கோபு இன்னும் வெளிப்படை. மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், தரித்திரனுக்கு "நீ அங்கே நில்லு". நம் சபைகளின் கல்லறைத் தோட்டங்களில் இன்றைக்கும் சில ஊர்களில் நடுவே சுவர் இருக்கிறது. செத்த பிறகும் 'நீ அங்கே நில்லு'தான். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கொடுத்தது இவர்களுக்குக் கிடைக்கவில்லை. அரசாங்கம் 'உன் மதத்தில் சாதி கிடையாதே' என்று சொல்கிறது, கோயிலோ இருக்கிறது என்று காட்டுகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

மற்றவர்களைக் குறை சொல்லியாயிற்று, இனி என் கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் அப்போது செயலாளராக இருந்த சபையின் மண்டபத்தைத் திறந்துவிட்டோம். நூறு பேருக்கு மேல் தங்கினார்கள். ராத்திரி பகலாகச் சமைத்தோம், பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு குப்பையும் சகதியும் அள்ள வெளிமாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அரசு கொண்டுவந்து இறக்கியது. எங்கள் தெருவுக்கும் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கையுறை இல்லாதவர்களும் இருந்தார்கள். மத்தியானம் நான்தான் 'அவங்களுக்கும் சாப்பாடு கொடுங்க' என்று சொன்னேன். பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதம் போட்டு, கேட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சில் வரிசையாக வைக்கச் சொன்னதும் நான்தான். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. பத்துப் பைசாவைப் போல.

அதில் ஒரு அம்மா தட்டை எடுத்துக்கொண்டு, மண்டபத்துக்குள் எட்டிப்பார்த்து, 'உள்ள நாற்காலி காலியாத்தானே சார் இருக்கு?' என்றார். கோபமில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். 'கால் எல்லாம் சேறா இருக்கேம்மா, அதான்' என்றேன். மண்டபத்துத் தரை மூன்று நாளாக வெள்ளத்தில் வந்தவர்களின் சேற்றால் ஏற்கனவே நாறிப்போயிருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார். போகும்போது தட்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனதும் அவர்கள்தான்.

அன்றைக்கு ராத்திரி நான் யாக்கோபைப் படிக்கவில்லை, படிக்கவும் தேவைப்படவில்லை.

ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்கும் அவர்கள் பக்கத்தில் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று புரிந்துகொண்ட ஆட்கள் இங்கே இருந்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் மெதடிஸ்ட் மிஷனின் வில்லியம் கௌடி. கஞ்சி ஊற்றியே காலம் தள்ளியிருக்கலாம். அதைவிட்டு, பறையருக்கு நிலம் ஏன் கிடைப்பதில்லை என்று விடாமல் எழுதினார்கள், மனு போட்டார்கள். அதே சமயம் 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் தந்த அறிக்கையும் சேர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. இன்றைக்கு நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லி வழக்கு நடத்துவது அதைத்தான். இதற்கு வேதத்தில் ஆதாரம் வேண்டுமா, லேவியராகமம் 19ஐப் பாருங்கள். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. வேற்று நாட்டு விதவை ரூத் வயலில் பொறுக்கியது பிச்சை இல்லை, அவள் பங்கு.

நகரத்துக்குள்ளே என்றால், வியாசர்பாடியில் சலேசியத் துறவி ஒர்ஃபியோ மாண்டோவானி. இத்தாலிக்காரர். 1960களில் அங்கே குடிசைகளுக்கு நடுவில் 'பியாட்டிட்யூட்ஸ்' இல்லத்தைத் தொடங்கி, அந்த ஜனங்களோடேயே கிடந்து 1967இல் இறந்துபோனார். லயோலா கல்லூரியில் சேசு சபைத் துறவி பியர் செய்ராக் இருந்தார். 1937இல் பிரான்சிலிருந்து வந்தவர், 2012இல் இங்கேயே 98 வயதில் இறந்தார். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமங்களில் கிணறு வெட்டப் போனவர். 'சாமி பேசுறதைவிட மண்வெட்டி பிடிப்பார்' என்று அவரிடம் படித்த என் நண்பர் ஒருவர் சொல்வார். இவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, விடுகிறேன்.

ஆனால் வெளிநாட்டுச் சாமியார் பட்டியலோடு முடித்தால் அது தப்பு. ஒதுக்கப்பட்டவர்கள் வெறுமனே இரக்கம் வாங்கிக்கொள்பவர்களாக இருந்த காலம் முடிந்து நாற்பது வருடம் ஆகிறது. கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் 1980களில் அர்விந்த் நிர்மல் தலித் இறையியல் என்று ஒரு துறையையே தொடங்கினார். எங்கள் கடவுள் எங்களைப் போலவே நொறுக்கப்பட்டவர், எங்களுக்கு யாரும் மேலேயிருந்து பரிதாபப்பட வேண்டாம் என்பது அதன் சாரம். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்ற தியாபிலஸ் அப்பாவு இன்னும் ஒரு படி எளிமையாக்கினார். கிராமத்து மெட்டில், பறையடித்து ஆராதனை. 'ஒரு உலை' என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டு, எல்லாரும் உட்கார்ந்து உண்பதுதான் நற்கருணை என்றார். சாதியைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் கேட்டு அசையாத ஆள்கூட அந்த உலைக்கு முன்னால் முழிப்பதைப் பார்க்கலாம்: சாப்பிடுவதா, எழுந்து போவதா?

நமக்கு இது புதுசும் இல்லை. என் அம்மா திருநெல்வேலிப் பக்கம். அங்கே கோயில் பண்டிகை என்றால் அசனம் கட்டாயம். ராத்திரியே அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் கறிக்குழம்பும். ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அசனத்திலேயே யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். ஆனாலும் கையில் இருக்கும் நல்ல வழக்கம் அதுதான்.

ஆகவே உங்கள் கிறிஸ்துமஸ். பொட்டலம் கொடுக்க வேண்டாம் என்று சங்கத்தில் சண்டை போடாதீர்கள், அது உதவாது. டிசம்பருக்கு முன்னால் ஒரு தடவை நாலைந்து பேராக வெறுங்கையோடு பெரும்பாக்கம் போய் வாருங்கள். அங்கேயே சின்னச் சின்னச் சபைகள் இருக்கின்றன, மகளிர் குழுக்கள் இருக்கின்றன. 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று ஆரம்பிக்காதீர்கள், உடனே அரிசி, போர்வை என்று பட்டியல் வரும், ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். சும்மா உட்கார்ந்து பேசுங்கள். தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். யோவான் 4இல் சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் கேட்டதும் அதுதானே, 'தாகத்துக்குத் தா' என்று. கொடுக்கப் போனவர் கேட்கிறவராக உட்கார்ந்தார். பஸ் நேரம், ரேஷன் கடை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விடுவது என்று எதையாவது அவர்களே சொல்வார்கள். அதில் உங்கள் சங்கத்தால் பன்னிரண்டு மாதமும் செய்ய முடிந்த ஒன்று இருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்று சமையலை அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று அந்த மகளிர் குழுவிடம் கேளுங்கள். சமைப்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கட்டும், காய் நறுக்க உங்கள் பையன்கள் உட்காரட்டும். பாய் விரித்து, மாறி மாறி உட்கார்ந்து சாப்பிடுங்கள். சங்கத்து பேனர் வேண்டாம். போட்டோ எடுப்பதாக இருந்தால் சாப்பிட்டு முடித்த பிறகு, அவர்கள் விரும்பினால் மட்டும்.

அளவுக்குக் கணக்குச் சொல்கிறேன்: பிரியாணி என்றால் கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வையுங்கள், 200 பேருக்கு 25 கிலோ. உங்கள் ஆட்கள் முப்பது பேரும் அதே பந்தியில் உட்காரப் போவதால் இன்னும் நாலு கிலோ கூடப் போடுங்கள். எங்கள் சபையில் அசன அண்டா இரண்டு சும்மா கிடக்கிறது. வண்டி மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் எடுத்துப் போகலாம், ஆனால் ஒன்றின் காது கொஞ்சம் ஆடும், ஜாக்கிரதையாக இறக்க வேண்டும்.